காந்தியடிகள் வளர்ந்த வீடு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்துருவம்)



மகான் ஒருவரைப் பற்றிப் பேசவேண்டும் என்று நமது செயலாளர் கேட்டுக்கொண்டார். மகான்களைப் பற்றிப் பேசுதல் எளிது. பிறந்தார், உயர்ந்தார், மறைந்தார் என்று அரைமணி நேரத்தில் முடித்துவிடலாம். நீங்களும் கைதட்டிவிட்டு வீடு செல்லலாம். நான் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. இன்று மாலை உங்களை ஒரு வீட்டுக்கு அழைத்துச் செல்லப்போகிறேன். அவ்வீடு குஜராத்திலே, இராஜ்கோட் நகரின் பழைய தெருவொன்றிலே இருக்கிறது. 'கபா காந்தி நோ டேலோ' என்பது அதன் பெயர். நம் வழக்கிலே சொன்னால், கபா காந்தியின் வளவு. மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி என்னும் சிறுவன் வாலிபனாய் வளர்ந்தது அங்கேதான். இப்பொழுது அது படங்களும் குறிப்புகளும் வைத்துக் காக்கப்படும் நினைவில்லமாக, ஒரு சிறு நூதனசாலையாக விளங்குகின்றது.

யாழ்ப்பாணத்திலே நடைபெறும் வாலிபர் விழாவிலே இராஜ்கோட் வீட்டைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. 1924 ஆம் ஆண்டில் மாணவர் காங்கிரஸ் என்று தொடங்கிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற இயக்கத்தின் அழைப்பை ஏற்று, 1927 ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியிலே காந்தியடிகள் இம்மண்ணுக்கு வந்தார். அவர் வந்த அந்த மாதங்களிலே, 'நவஜீவன்' பத்திரிகையில் அவருடைய சுயசரிதம் வாரந்தோறும் வெளிவந்து கொண்டிருந்தது. அவருடன் வந்த மகாதேவ தேசாய் அதனை ஆங்கிலமாக்கி 'யங் இந்தியா'விலே கொடுத்துவந்தார். இராஜ்கோட் வீட்டைப் பற்றிய பகுதிகள் அதற்கு முன்னரே அச்சேறிவிட்டன. ஆகவே, வாலிபர் காங்கிரஸ்காரர்கள் மாலையும் கையுமாய் எதிர்கொண்டது யாரை? தான் பொய் சொன்னதையும், தன் தமையனின் பொன்னைத் திருடியதையும் நாடறியத் தானே எழுதிவிட்ட ஒரு மனிதரை. இதனை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். அந்தப் பொய்யும் திருட்டும் நிகழ்ந்த வீட்டைத்தான் நான் உங்களுக்குக் காட்டப்போகிறேன்.

முதலில் பிறந்த வீட்டைச் சொல்லிவிட வேண்டும். சோமநாதத்திலிருந்து துவாரகைக்குப் போகும் யாத்திரிகர்கள் வழியிலே போர்பந்தர் என்னும் கடற்கரைப் பட்டினத்தைக் காண்பார்கள். சுதாமபுரி என்பது அதன் மறுபெயர். கண்ணபிரானின் ஏழைத் தோழர் குசேலரின் ஊர் என்பர். அங்கே காந்தி குடும்பத்தின் மூதாதையொருவர் 1777 ஆம் ஆண்டில் வாங்கிய மாடி வீட்டிலே, 1869 ஆம் ஆண்டு ஒக்டோபர் 2 ஆம் திகதி மோகன்தாஸ் பிறந்தார். பிறந்த இடத்திலே தரையிற் சுவஸ்திகம் ஒன்று பொறித்திருக்கிறார்கள். அவ்வீட்டை ஒட்டினாற்போல நாஞ்சி காளிதாஸ் மேத்தா என்னும் பெருவணிகர் எழுப்பிய 'கீர்த்தி மந்திர்' நிற்கின்றது. 1947 இல் அடிக்கல் நாட்டி, 1950 மே 27 ஆம் திகதி சர்தார் வல்லபாய் பட்டேல் திறந்துவைத்தார். அடிகள் வாழ்ந்த 79 ஆண்டுகளைக் குறிக்கும்படி அதன் உயரம் 79 அடி. அங்கே மகாதேவ தேசாயின் நினைவாகவும் ஓர் அறை உண்டு. அறிந்த ஒருவரின் பெயரைத் தூர தேசத்திலே கண்டது போல இருந்தது எனக்கு.

கீர்த்தி மந்திர் அழகியதே. ஆயினும் என் மனத்திலே பட்டதை மறைக்காமற் சொல்கிறேன். பளிங்கு மண்டபத்திலே நின்று அண்ணாந்து பார்க்கும்போது நமக்குத் தோன்றும் எண்ணம், 'இவர் வேறு பிறவி. நாம் வேறு பிறவி' என்பதுதான். கைகூப்பிக் கும்பிட்டுவிட்டு வரலாம். அவரைப் போல நடக்க முயலவேண்டும் என்ற கடப்பாடு எதுவும் நம்மைத் தொடராது. அயலிலே பழைய வீட்டின் ஒடுங்கிய படிகளிலே ஏறி, இருண்ட சிறு அறைகளிலே தலையைக் குனிந்து நுழையும்போது அந்த எண்ணம் சற்றே கலைகின்றது.

அப்பழைய வீட்டுக்கும் ஒரு கதை உண்டு. அடிகளின் பாட்டனார் உத்தம்சந்த் காந்தி போர்பந்தர் சமஸ்தானத்துத் திவானாய் இருந்தவர். இராச்சியத்தை நடத்திய இராணியின் கோபத்துக்கு ஆளான பொக்கிஷ அதிகாரி ஒருவருக்கு அடைக்கலம் கொடுத்தார் என்பதற்காக, அவ்வீட்டின்மீது பீரங்கிக் குண்டுகள் பாய்ந்தன. அவர் பிறகு ஜூனாகட்டுக்குப் போய் அங்கேயுள்ள நவாபுக்கு இடக்கையால் வணக்கம் செலுத்தினாராம். மரியாதைக் குறைவன்றோ என்று கேட்டதற்கு, வலக்கை ஏற்கனவே போர்பந்தருக்கு வாக்குக் கொடுத்த கை என்று காரணம் கூறினாராம். பேரனிடத்திலே கண்ட பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நாம் தேடித் திரியவேண்டியதில்லை.

இனி இராஜ்கோட். மோகன்தாசுக்கு ஏழு வயதளவில் தகப்பனார் கரம்சந்த் காந்திக்கு அங்கே உத்தியோகம் கிடைத்தது. கபா என்பது அவருடைய மறுபெயர். பின்னர் அவர் அந்தச் சமஸ்தானத்துக்குத் திவானானார். 1880 ஆம் ஆண்டையொட்டி அவர் கட்டிய வீடுதான் அந்த டேலோ. வளைந்த பெரிய வாயில், உள்ளே முற்றம், முற்றத்தைச் சார்ந்து தாழ்வாரமும் வரிசையாய் அறைகளும். நம் பெரியவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. சங்கடப்படலையும் நாற்சார் வீடும் கண்டு வளர்ந்த கண்களுக்கு அது முற்றிலும் அந்நியமாய்த் தோன்றாது. திவானின் வீடு என்று சொல்லும்படியான ஆடம்பரம் அங்கே இல்லை. அலகாபாத்திலே நேரு குடும்பத்தின் ஆனந்த பவனம் 1970 ஆம் ஆண்டில் நாட்டுக்கு வழங்கப்பட்டு நூதனசாலையானது. அங்கே போகிறவர்களுக்குப் பார்ப்பதற்குப் பொருள்கள் நிரம்ப உண்டு. இராஜ்கோட் வீட்டிலோ, கண்ணுக்குத் தெரிவன சுவர்களும் படங்களுமே. தெரிந்துகொண்டு போகிறவனுக்குத்தான் அவ்வீடு வாய் திறந்து பேசும்.

அந்த முற்றத்தைப் பாருங்கள். தாயார் புத்திலிபாய் நோன்புகளைக் கடுமையாய் அநுட்டித்தவர். மாரிக்கால நான்கு மாதங்களிலே ஒரு முறை, சூரியனைக் காணாமல் உணவு கொள்வதில்லை என்று விரதம் பூண்டார். மழைக்காலத்துச் சூரியன் சொன்ன நேரத்துக்கு வருவானா? பிள்ளைகள் முற்றத்திலே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேகம் விலகிச் சூரியன் தெரிந்ததும், அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்வார்கள். அவர் வெளியே வருவதற்குள் மேகம் மூடிவிடும். பரவாயில்லை, இன்றைக்கு நான் சாப்பிடுவது ஆண்டவனுக்கு விருப்பமில்லை என்று சொல்லிச் சிரித்தபடி வீட்டு வேலைக்குத் திரும்பிவிடுவாராம். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உபவாசமிருந்துகொண்டு எங்களுக்குச் சமைத்துப் போட்ட தாய்மாரைக் கண்ட நமக்கு இது புதிதன்று. பிற்காலத்திலே சாம்ராஜ்யத்தைக் கலங்கவைத்த உபவாசங்களைப் பற்றி அரசியல் அறிஞர்கள் பெரிய நூல்கள் எழுதியிருக்கிறார்கள். அவற்றின் வேர் ஓர் அடுப்படியிலும் முற்றத்திலும் இருக்கின்றது.

அறைக்குள்ளே போவோம். சிறுவன் மோகன்தாஸ் வீரனாய் இருந்தான் என்று எண்ணாதீர்கள். பேய்க்குப் பயம், கள்வனுக்குப் பயம், பாம்புக்குப் பயம். இருட்டிலே வெளியே போகமாட்டான். பேய்ப் பயத்துக்கு மருந்தாக இராம நாமத்தைச் சொல்லிக்கொடுத்தவர் ரம்பா என்னும் வேலைக்கார அம்மையார். பதின்மூன்று வயதிலே கலியாணம் ஆன பிறகும், அறையிலே விளக்கு எரியாவிட்டால் அவனுக்கு நித்திரை வராது. பக்கத்திலிருந்த கஸ்தூரிபாய்க்கோ இவையொன்றும் பயமில்லை. தன் பயத்தை அவளிடம் சொல்லவும் அவனுக்கு வெட்கம். ஆங்கிலேயப் பட்டாளத்துக்கு முன்னே அஞ்சாது நின்றவரின் அறை இது என்று காட்டும்போது, எரிந்த அந்த விளக்கையும் சேர்த்துக் காட்டவேண்டும் என்பது என் கட்சி.

பள்ளிக்கூடத்திலும் அவன் மின்னவில்லை. அவன் படித்த ஹைஸ்கூலிலே ஜைல்ஸ் என்னும் இன்ஸ்பெக்டர் வந்து ஐந்து ஆங்கிலச் சொற்களை எழுதச் சொன்னதும், 'கெட்டில்' என்ற சொல்லைப் பிழையாய் எழுதிய அவனுக்கு, அடுத்தவனின் பலகையைப் பார்த்து எழுதும்படி உபாத்தியாயரே காலாற் சாடை காட்டியதும், அது அவனுக்கு விளங்காமற் போனதும் பலருக்குத் தெரிந்த கதை. 1887 ஆம் ஆண்டு மெட்ரிக்குலேஷன் பரீட்சையிலே 625 புள்ளிக்கு அவன் பெற்றது 247½. இதனை இங்கே முன்வரிசையிலிருக்கும் வாலிபர்களுக்காகச் சொல்கிறேன். பின்வரிசையிலிருக்கும் தகப்பன்மாருக்காகவும் சொல்கிறேன்.

அந்தப் பள்ளிக்கூடம் 2017 ஆம் ஆண்டில் மூடப்பட்டு, 2018 செப்ரெம்பர் 30 ஆம் திகதி மகாத்மா காந்தி நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. நடந்துகொண்டிருந்த பள்ளிக்கூடத்தை மூடி, அதிலே படித்த ஒரு மாணவனுக்கு நூதனசாலை அமைப்பது பொருந்துமா என்பதில் எனக்கு ஐயமுண்டு. பின்வாங்கிலே இருந்து 'கெட்டில்' என்பதைப் பிழையாய் எழுதும் பிள்ளைகள் அங்கே தொடர்ந்து படித்திருக்கலாம். வீடு நூதனசாலையாவது வேறு. அங்கே குடியிருந்தவர்கள் போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வந்துகொண்டே இருப்பார்கள்.

வீட்டின் அடுப்படியிலே இன்னொரு காரியம் நடந்தது. தமையனின் சிநேகிதனாய் வந்த ஒருவன், வெள்ளைக்காரர் நம்மை ஆள்வது அவர்கள் மாமிசம் புசிப்பதால்தான். நீயும் புசித்தால் பலமும் வரும், பயமும் போகும் என்று சொன்னான். பயந்த பையனுக்கு இது வேதவாக்காய்ப் பட்டது. ஆற்றங்கரையிலே மறைவிடத்திலே முதன்முதல் ஆட்டிறைச்சி உண்டான். அன்றிரவு உறக்கத்திலே ஆடு வயிற்றுக்குள் இருந்து கத்துவது போலிருந்ததாம். அப்படியும் விடவில்லை. பின்னும் சில முறை அந்த விருந்து நடந்தது. அந்நாள்களிலே வீட்டுக்கு வந்தால் தாயார் சாப்பிடக் கூப்பிடுவார். பசியில்லை, சமிபாடு சரியில்லை என்று ஏதாவது சொல்லவேண்டும். பிள்ளை சாப்பிடாவிட்டால் தாய் சும்மா விடுவாளா? ஏன் என்று கேட்பாள். இவன் பொய் சொல்வான். கடைசியிலே அவனை நிறுத்தியது மாமிசத்தின் மேலுள்ள வெறுப்பன்று. நாடு விடுதலையடைய மாமிசம் அவசியந்தான் என்று அப்பொழுதும் அவன் நம்பினான். ஆயினும் பெற்றோர் உயிரோடிருக்கும்வரை வேண்டாம், அவர்களிடம் பொய் சொல்வது மாமிசம் உண்பதிலும் கொடிது என்று தீர்மானித்தான். சூரியனைக் காணாமல் உண்ணாதவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாளைக்குத்தான் பொய் சொல்லமுடியும்?

இப்பொழுது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

மோகன்தாசுக்குப் பதினைந்து வயது. தமையனுக்கு இருபத்தைந்து ரூபாய் அளவில் கடன். தமையனின் கையிலே தங்கக் காப்பொன்று இருந்தது. அதிலே சிறு துண்டை வெட்டி எடுப்பது கடினமான வேலையன்று. வெட்டி எடுத்துக் கடனை அடைத்தாயிற்று. வீட்டிலே யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்கப்போவதுமில்லை. ஆனால் அவனுக்கு நித்திரை இல்லை. தகப்பனாரிடம் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தான். வாய் திறக்க முடியவில்லை. அடிப்பார் என்ற பயமன்று. தகப்பனார் பிள்ளைகளை அடித்தவர் அல்லர். தன்னால் அவர் மனம் நோகுமே, தலையில் அடித்துக்கொள்வாரே என்ற பயம். ஆகவே ஒரு கடதாசியிலே எழுதினான். செய்த குற்றத்தை ஒப்புக்கொண்டான். தகுந்த தண்டனை தரும்படி கேட்டான். என் குற்றத்துக்காகத் தாங்கள் தங்களைத் தண்டித்துக்கொள்ளக் கூடாது என்றும் வேண்டினான். இனித் திருடுவதில்லை என்று சத்தியம் செய்தான்.

தகப்பனார் அப்பொழுது பவுந்திர நோயாற் படுக்கையிலே இருந்தார். படுக்கை என்றால் வெறும் பலகை. பையன் நடுங்கிக்கொண்டே கடிதத்தைக் கொடுத்துவிட்டு எதிரே இருந்தான். அவர் எழுந்திருந்து வாசித்தார். கன்னங்களில் வழிந்த கண்ணீர் கடிதத்தை நனைத்தது. சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு கடிதத்தைக் கிழித்துப் போட்டார். மீண்டும் படுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. பையனும் அழுதான். அவ்வளவுதான் நடந்தது.

அன்பர்களே, நூதனசாலைகள் எத்தனையோ பார்த்திருப்பீர்கள். பெரியவர்களின் மூக்குக்கண்ணாடி, பேனா, செருப்பு, கைப்பட எழுதிய கடிதங்கள் எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். இராஜ்கோட் வீட்டிலே எழுதப்பட்ட காகிதங்களிலெல்லாம் தலையாய காகிதம் எந்தப் பெட்டியிலும் இல்லை. அதை எழுதுவித்தது அவ்வீடு. கிழித்ததும் அவ்வீட்டின் தலைவர். கிழித்ததுதான் அவர் அளித்த தீர்ப்பு. கடிதத்தை மடித்துப் பெட்டகத்திலே வைத்திருந்தால், அது மகனுக்கு எதிரான சாட்சியாய்க் கடைசிவரை இருந்திருக்கும். அவர் அதை வைத்துக்கொள்ளவில்லை. அகிம்சை என்றால் என்ன என்பதற்கு அன்றைக்குக் கண்ணெதிரே பாடம் கிடைத்தது என்று அடிகள் பின்னர் எழுதினார். அந்த நேரத்தில் அதை வெறும் தந்தையன்பாகத்தான் கண்டாராம்.

நம் வீடுகளிலே பிள்ளையின் குற்றக் கடிதத்தை எத்தனை பேர் கிழிப்போம்? வைத்திருந்து, கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் எடுத்துக் காட்டுவோரும் உண்டு. தகப்பன்மார் என்மேற் கோபிக்கவேண்டாம்; வாலிபர்களுக்கும் இதிலே பங்குண்டு. கிழிக்கும் தகப்பன் வேண்டுமானால் எழுதும் மகன் முதலில் வேண்டும். யாருக்கும் தெரியாத குற்றத்தை எழுதிக் கொடுப்பதற்கு, பேய்க்குப் பயப்படாதவனின் துணிவிலும் பெரிய துணிவு வேண்டும். விளக்கில்லாமல் உறங்கமாட்டாத பையனிடம் அத்துணிவு இருந்தது.

அதே வீட்டிலே 1885 ஆம் ஆண்டில் தகப்பனார் காலமானார். இரவிலே அவருடைய கால்களைப் பிடித்துவிடுவது மகனின் வேலை. அன்றிரவு சிற்றப்பனார் வந்து நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட, மகன் தன் மனைவியின் அறைக்குப் போனான். ஐந்தாறு நிமிஷத்திலே வேலைக்காரன் கதவைத் தட்டினான். அந்த ஐந்தாறு நிமிஷத்தை அவர் வாழ்நாள் முழுவதும் தமக்கு மன்னிக்கவில்லை. பெரியோர் பலர் எழுதக் கூசும் இதனையும் அவர் எழுதிவைத்தார். பதினாறு வயதுப் பிள்ளைமேல் இவ்வளவு கடுமை வேண்டாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அக்கடுமையைத் தம்மேலன்றிப் பிறர்மேல் ஏற்றாதது நினைக்கத் தக்கது.

இனி, அந்த வீட்டுக்குள்ளே சரிசமமாய் வரமுடியாத ஒருவனைப் பற்றிச் சொல்லவேண்டும். அவன் பெயர் ஊக்கா. மலசலகூடம் துப்புரவு செய்ய வருபவன். அவனைத் தொட்டுவிட்டால் குளிக்கவேண்டும் என்பது வீட்டின் கட்டளை. குளிப்பதற்கு முன் வழியிலே ஒரு முஸ்லிமைத் தொட்டால் தீட்டுக் கழிந்துவிடும் என்று தாயார் குறுக்கு வழியொன்றும் சொல்லிக்கொடுத்தாராம். பன்னிரண்டு வயதுப் பையன் பெற்றோருக்குக் கீழ்ப்படிந்தான். ஆனாலும், ஊக்காவைத் தொடுவது பாவமாகாது என்று அவர்களோடு வாதாடினான். இதை அவர் 1921 ஆம் ஆண்டிலே அகமதாபாத்தில் ஒரு கூட்டத்திலே வெளிப்படையாய்ச் சொன்னார். தாம் தெய்வமாய் மதித்த தாயார் இதிலே பிழைவிட்டார் என்பதை அவர் ஒளிக்கவில்லை. தாயின் நோன்பை எடுத்துக்கொண்டார்; தாயின் தீட்டை விட்டுவிட்டார். முன்னோர் வீட்டிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் கட்டிக் காப்போரும், எல்லாவற்றையும் தூக்கி எறிவோரும் நம்மிடையே நிரம்ப உண்டு.

அந்த ஊக்காவின் பிரச்சினைதான் 1927 இல் அவரை அழைத்த வாலிபர்களின் பிரச்சினையுமாய் இருந்தது. பள்ளிக்கூடங்களிலே பிள்ளைகளெல்லாம் சமமாய் வாங்கில் இருக்கவேண்டும், சமபந்தியாய் உண்ணவேண்டும் என்று அவர்கள் போராடினார்கள், ஏச்சும் வாங்கினார்கள். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது 1957 ஆம் ஆண்டில், அடிகள் வந்துபோய் முப்பது வருடத்துக்குப் பிறகு. அதன்பின்னும் 1968 இல் மாவிட்டபுரத்திலே கோயில் வாயிலில் மக்கள் நின்றார்கள். இந்து வாலிபர்கள் என்று பெயர் வைத்துக்கொண்ட நாம் இந்த வருடங்களை மனப்பாடமாய் வைத்திருக்கவேண்டும். நம் வீட்டுக்கு வந்த ஊக்காக்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அடிகளுக்கு, நாற்பது வருடம் கழித்தும் அந்தப் பெயர் நினைவிருந்தது.

1888 ஆம் ஆண்டிலே மகன் இலண்டனுக்குப் போகப் புறப்பட்டான். தாயார் அஞ்சினார். பெச்சர்ஜி சுவாமி என்னும் சைனத் துறவி, மது, மாது, மாமிசம் மூன்றையும் தீண்டுவதில்லை என்று அவனிடம் சத்தியம் வாங்கிக் கொடுத்த பிறகே தாயார் விடைகொடுத்தார். பள்ளிக்கூடத்திலே பிரிவுபசாரம் நடத்தினார்கள். எழுதிக் கொண்டுபோன சில வரிகளைக்கூட வாய் குழறாமல் அவனால் வாசிக்க முடியவில்லை. 1891 இல் பாரிஸ்டராய்த் திரும்பி வந்தபோது தாயார் இல்லை. துக்கம் தாங்கமாட்டான் என்று தமையனார் செய்தியை அதுவரை மறைத்துவைத்திருந்தார். முற்றத்திலே சூரியனைத் தேடிய தாய் போன பிறகு, அந்த வீடு அவருக்கு வீடாயிருந்த காலம் குறுகியது. தொழில் பம்பாய்க்கும், 1893 இல் தென்னாபிரிக்காவுக்கும் இழுத்துக்கொண்டு போயிற்று.

ஆனால் இராஜ்கோட் அவரை விடவில்லை. கதையின் இப்பகுதியைப் பலர் சொல்வதில்லை. ஆகவே சற்று விரிவாய்ச் சொல்கிறேன்.

கபா காந்தி திவானாய் இருந்த நாளிலே, ஆங்கிலேய உதவி ஏஜெண்டு ஒருவர் இராஜ்கோட் அரசரை இழிவாய்ப் பேசினார். கபா காந்தி அதை எதிர்த்துப் பேசினார். மன்னிப்புக் கேள் என்றார் துரை. மாட்டேன் என்றார் இவர். சில மணி நேரம் தடுத்து வைத்தார்கள். அசையவில்லை என்று கண்டு விட்டுவிட்டார்கள்.

அரைநூற்றாண்டு சென்றது. 1938 ஆம் ஆண்டுக் கடைசியிலே இராஜ்கோட் அரசர், குடிமக்களுக்கு உரிமைகள் வழங்குவதாகச் சர்தார் பட்டேலுக்கு எழுத்திலே வாக்களித்து, சில வாரங்களில் அவ்வாக்கை மீறினார். அவருக்கு ஆலோசனை சொன்னவர் தர்பார் வீராவாலா. மக்கள் சத்தியாக்கிரகத்திலே இறங்கினார்கள். கஸ்தூரிபாய் நேரே இராஜ்கோட்டுக்குப் போய்க் காவலில் வைக்கப்பட்டார். பின்னர் அடிகளும் வந்தார். தம் தகப்பனார் சேவித்த அரச குடும்பம் வாக்குத் தவறலாமா என்ற நோவு அவருக்கு. 1939 மார்ச் 3 ஆம் திகதி உபவாசம் தொடங்கினார். வைசிராய் தலையிட்டு, விஷயத்தைப் பிரதம நீதியரசர் மொறிஸ் க்வையர் அவர்களின் தீர்ப்புக்கு விட ஒழுங்கு செய்ததும், 7 ஆம் திகதி உபவாசத்தை முடித்தார். ஏப்ரல் 3 ஆம் திகதி தீர்ப்பு வந்தது. பட்டேல் பக்கமே வெற்றி.

வேறொருவராயிருந்தால் வெற்றிவிழாக் கொண்டாடியிருப்பார். அடிகளுக்கோ மீண்டும் நித்திரை இல்லை. அரசரின் மனத்தை மாற்றுவதற்கென்று தொடங்கிய உபவாசத்தின் நடுவிலே, அந்த அரசருக்கும் மேலான அதிகாரத்தைத் துணைக்கு அழைத்தேனே. அது அன்பன்று, பலாத்காரமன்றோ என்று தம்மையே கேட்டார். வெளியே யாரும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. சட்டமும் அவர் பக்கம் நின்றது. மே மாதம் 17 ஆம் திகதி, அந்தத் தீர்ப்பினால் வந்த நன்மையை வேண்டாமென்று துறப்பதாக அறிக்கை வெளியிட்டார். வைசிராயிடமும், நீதியரசரிடமும், அரசரிடமும், தம்மை அவ்வளவு அலைக்கழித்த வீராவாலாவிடமும் மன்னிப்புக் கேட்டார். பட்டேல் முதலிய சகபாடிகள் பலருக்கு இது ஏமாற்றமே. இராஜ்கோட்டு மக்களுக்குக் கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை. அவர் செய்தது சரியா என்று இன்றைக்கும் விவாதிக்கலாம். நம் வாலிபர் விவாத அரங்கிலே ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அதிலே ஐயங்கள் பல உண்டு. ஆனால் அந்த அறிக்கையை வாசித்தபோது, அதை எழுதியவர் யார் என்று எனக்கு ஐயமிருக்கவில்லை. தப்பு இல்லாதபோது மன்னிப்புக் கேட்க மறுத்த கபா காந்தியின் மகன் அவர்; யாரும் கேளாத குற்றத்தைக் கடதாசியில் எழுதி, பலகைக் கட்டிலின் எதிரே நடுங்கிக்கொண்டு இருந்த பதினைந்து வயதுப் பிள்ளை அவர். இம்முறை கடிதத்தை வாங்கிக் கிழிப்பதற்கு யாருமில்லை. அது அச்சிலே இருக்கிறது; விரும்பியவர் எடுத்து வாசிக்கலாம். முதற் கடிதத்துக்கு, இராஜ்கோட்டின் பழைய தெருவிலே வளைந்த வாயிலுக்குள் ஒரு முற்றமும் சில அறைகளும்தான் இருக்கின்றன.